கணக்குத் தாளை மெத்தைக்கு அடியில் ஒளிக்கும் மகன்: தனி டியூஷன் உதவுமா?

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு 13 வயது. மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். மற்ற பாடங்களில் 60, 70 வாங்குகிறவன், கணக்கில் காலாண்டுக்கு 24, அரையாண்டுக்கு 19. போன வாரம் வீட்டைச் சுத்தம் செய்தபோது மெத்தைக்கு அடியில் ஏழெட்டு டெஸ்ட் தாள்கள் கிடைத்தன. மூன்றில் என் கையெழுத்தை அவனே போட்டிருந்தான். ஆத்திரத்தில் ஸ்கேலால் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இரண்டு வருடமாக டியூஷன் போகிறான். ஆறாவது முதல் பத்தாவது வரை 30 பிள்ளைகள், ஒரே டீச்சர். இனி தனியாக ஆள் வைக்கலாம் என்று இருக்கிறோம். அவன் பள்ளிக் கணக்கு சார், 'என் வீட்டுக்கு அனுப்புங்கள், மாதம் 2,500' என்கிறார். ஒரு ஆன்லைன் கம்பெனி வருடத்துக்கு 48,000 கேட்கிறது, மாதம் 4,000 இ.எம்.ஐ. கட்டலாமாம். பக்கத்துத் தெருவில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கும் பெண் 1,500க்கு வீட்டுக்கே வருகிறேன் என்கிறாள். 'அவனுக்குக் கணக்கு வராது, பத்து முடித்ததும் ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடலாம்' என்கிறார் கணவர். நாலாவது படிக்கும் என் மகள் வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொல்வாள். 'பாப்பாவைப் பார்' என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். மகனோ, 'எனக்கு மட்டும் தனி டியூஷன்னா நான் மக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்' என்று அழுகிறான். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்குமா? எட்டாம் வகுப்பில் ஃபெயிலாகிவிடுவானா? ஆள் வைத்துப் பழக்கினால் அப்புறம் தானாகப் படிக்கவே மாட்டானோ?"

அன்புள்ள சகோதரி,

அடித்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் உங்களிடம் எதையும் மறைக்காமல் பேசலாம் என்று தோன்றுகிறது. உங்கள் மகனைத் தம்பி என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் ஃபெயிலாக்கி அதே வகுப்பில் உட்கார வைப்பதில்லை. தம்பி ஒன்பதாவதுக்குப் போய்விடுவான். அதை நினைத்து நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஒன்பதாவதில் அந்தப் பாதுகாப்பு இல்லை, அதற்கடுத்த வருடம் பொதுத் தேர்வு. ஆனால் அவன் தவறவிட்டதைப் பின்னால் போய் எடுத்துவர இப்போது கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

அவன் எங்கே தவறவிட்டான்?

நீங்கள் எழுதாத ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-26இல் எட்டாவது படிக்கும் பிள்ளை 2020 ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதாவது தம்பி மூன்றாம் வகுப்பு முழுவதையும் நாலாம் வகுப்பில் பாதியையும் செல்போனில் படித்திருக்கிறான். உங்கள் வீட்டில் அப்போது ஒரே போன் இருந்திருந்தால் அதுகூட இல்லை. பெருக்கல் கைக்கு வந்து, வகுத்தல் பழகி, பின்னம் என்றால் என்னவென்று புரிய ஆரம்பிக்கும் காலம் அது. தமிழையும் சமூக அறிவியலையும் நடுவிலிருந்துகூடப் பிடித்துக்கொள்ளலாம். கணக்கு அப்படியில்லை, கீழ் வரிசை செங்கல் இல்லாமல் மேல் வரிசை நிற்காது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். கோபம் ஆறிய ஒரு நாளில், மார்க் எதுவும் போடாமல், இந்த நாலு கணக்கை மட்டும் அவனிடம் கொடுங்கள். 742ஐ 7ஆல் வகுக்க வேண்டும். 1/2 + 1/3 எவ்வளவு? 0.3, 0.25 இரண்டில் எது பெரியது? −3 − 5 எவ்வளவு? முதல் கணக்குக்கு 106 வருவதற்குப் பதில் 16 என்று எழுதினால், வகுத்தலில் பூஜ்ஜியத்தின் இடம் புரியவில்லை. இரண்டாவதற்கு 2/5 என்று எழுதினால் பின்னம் என்பது அவனுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான். 25 என்பது 3ஐவிடப் பெரியது என்று 0.25ஐச் சொன்னால் தசம இடமதிப்பு பிடிபடவில்லை. கடைசிக்கு 2 அல்லது 8 என்று சொன்னால் குறை எண்ணில் குழப்பம் இருக்கிறது.

இந்தக் குழப்பங்களோடு எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? 'ஒரு எண்ணின் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் 5, அந்த எண் என்ன' என்று கேட்டால், தம்பி தடுக்கி விழுவது சமன்பாட்டில் இல்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டத் தெரியாததில்தான் விழுகிறான். போர்டில் நடப்பது இயற்கணிதம் என்பதால் எல்லோரும் அவனுக்கு இயற்கணிதத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 30 பேர் உட்காரும் டியூஷனிலும் அதேதான் நடந்திருக்கும். அந்த டீச்சரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து வகுப்புப் பிள்ளைகளை ஒரே ஹாலில் வைத்துக்கொண்டு, ஒருவன் மூன்றாம் வகுப்பில் எங்கே நின்றான் என்று தேடிப் போக யாரால் முடியும்?

தாளை ஒளித்தது, கையெழுத்துப் போட்டது இரண்டும் தப்புதான். ஆனால் மற்ற பாடங்களின் தாள்களை அவன் ஒளிக்கவில்லையே! திருட்டுப் புத்தி என்றோ சோம்பேறித்தனம் என்றோ முடிவு கட்டாதீர்கள். அவமானத்துக்குப் பயந்து செய்திருக்கிறான். கணக்கைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டால், மனதுக்குள் எண்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்தை அந்தப் பயமே அடைத்துக்கொள்கிறது. வீட்டில் ஒப்பிக்கும் வாய்ப்பாடு பரீட்சை ஹாலில் மறந்துபோவது இதனால்தான். ஸ்கேல் அந்தப் பயத்தைக் கூட்டத்தான் செய்யும். 'பாப்பாவைப் பார்' என்ற பேச்சும் அப்படித்தான். இரண்டையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

தனியாகச் சொல்லிக்கொடுக்கும்போது என்ன மாறுகிறது?

பலன் இருக்குமா என்று கேட்டீர்கள். இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று கல்வித் துறையில் இன்றும் பேசப்படுகிறது. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்றது அது. பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை, அதனால் 98ஐ நம்பி எதிர்பார்ப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2020இல் 96 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும் கணிசமான பலன் உறுதியானது. அதில் நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வாரம் ஒருநாள் வருவதைவிட மூன்று நாளாவது வந்தால் பலன் கூடுதல். பெற்றோரோ பயிற்சியில்லாத தன்னார்வலரோ சொல்லிக்கொடுப்பதைவிட, ஆசிரியரோ அதற்கெனப் பழக்கப்பட்டவரோ சொல்லிக்கொடுத்தால் பலன் கூடுதல்.

புளூமின் ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் இன்னொன்று உண்டு. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் சின்னச் சோதனை வைத்து, பிழையைத் திருத்தி, அதில் தேறிய பிறகுதான் அடுத்ததுக்குப் போனார்கள். பலன் வந்ததில் அதற்கும் பெரிய பங்கு உண்டு. போர்டில் எழுதுவதையே வீட்டு மேஜையில் ஒருவர் எழுதிக் காட்டினால் 1,500 ரூபாயும் வீண்தான்.

இன்னொரு மாற்றம் பார்வையாளர்கள் இல்லாதது. 40 பேர் முன்னால் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் தம்பி வாயே திறப்பதில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று ஆசிரியருக்கும் தெரிவதில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரே ஒரு விநாடி என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அளந்து சொன்னார். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்றும் கண்டார். கூட்டத்தில் அந்த மூன்று விநாடி கிடைப்பதில்லை, முந்திரிக்கொட்டை ஒன்று பதில் சொல்லிவிடும். எதிரே ஒரே ஒரு பிள்ளை இருந்தால் முப்பது விநாடிகூடக் காத்திருக்கலாம்.

தன்னம்பிக்கையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. 'முதலில் அவனுக்குத் தன்னம்பிக்கை வர யாராவது பேசினால் நன்றாக இருக்கும்' என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒரு மணி நேரம் பேசினால் அன்று இரவு வரை தெம்பாக இருப்பான். மறுநாள் காலை டெஸ்டில் 19 வந்தால் அத்தனையும் போய்விடும். முடியாது என்று நினைத்த ஒன்றைத் தானே முடித்துப் பார்ப்பதுதான் நம்பிக்கைக்கு முதல் ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இலேயே விளக்கியிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2015இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கணக்குப் பயம் அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயம் குறைந்திருந்தது. பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் படபடப்பும் அடங்கியிருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது கணக்குப் பாடம்தான். தம்பிக்கும் அதுவே மருந்து, அவன் நிற்கும் படியிலிருந்து ஆரம்பித்தால்.

உங்கள் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

பள்ளிக் கணக்கு சார்: இதை நான் வேண்டாம் என்பேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு சங்கடம் உண்டு. அவரிடம் சேர்த்துப் பின்னால் நிறுத்த நேர்ந்தால், வகுப்பில் அவன் அவர் முகத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும். அதேசமயம், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கவனித்துத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு வைத்திருக்கிறது. அதனால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். சண்டை வேண்டாம், புகார் தொனியும் வேண்டாம். "மூன்றாம், நாலாம் வகுப்புப் பாடம் விட்டுப்போயிருக்கிறது, வாரத்தில் ஒரு நாளாவது பள்ளியிலேயே கூடுதலாகக் கவனிக்க முடியுமா" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது நல்லது. சாரிடம் 'வீட்டுக்கு அருகிலேயே ஏற்பாடு ஆகிவிட்டது சார்' என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் 48,000: நல்ல ஆசிரியர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் இ.எம்.ஐ. என்றால் பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு கடன். பையன் இரண்டு மாதத்தில் வகுப்பை நிறுத்திவிட்டாலும் கடன் நிற்காது. ஆன்லைன் கல்வி நிறுவனங்களிடம் கடன், தானாகப் பணம் எடுக்கும் அனுமதி ஆகியவற்றில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டது. ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளை உடனே படியுங்கள். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்னும் போடவில்லை என்றால் போட வேண்டாம். செல்போன் வழியாகப் படித்துத்தான் தம்பிக்கு இந்த ஓட்டை விழுந்தது, திரும்பவும் அதே வழியில் அடைக்கப் பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பக்கத்துத் தெரு மாணவி: என் தேர்வு இதுதான். அந்தப் பெண்ணுக்குக் கணக்குத் தெரியும், கற்பித்துப் பழக்கம் இருக்காது. அதனால் முதல் நாளே அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். எட்டாம் வகுப்புப் புத்தகத்தை முதல் ஆறு வாரம் பெரிதாகத் திறக்க வேண்டாம். அந்த நாலு கணக்கில் எங்கே தப்பு வந்ததோ அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம் போதும். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் இருவருக்கும் வெறுத்துவிடும். முதல் பத்து நிமிடம் அவனால் முடிகிற கணக்கு. பிறகு புதிது ஒன்று. விடை தப்பானால் உடனே திருத்தாமல், 'இது எப்படி வந்தது, சொல்லு' என்று கேட்க வேண்டும். பென்சில் அவன் கையிலேயே இருக்க வேண்டும், இது மிக முக்கியம். ஒரு மாதம் முயன்று பார்த்து, இருவருக்கும் ஒத்துவரவில்லை என்றால் மனக்கசப்பில்லாமல் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாடம் ஹாலில் நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும். யார் வந்தாலும் இந்த ஏற்பாடு வேண்டும், அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கும் அது நல்லது. இருட்டும் முன் அவள் வீடு திரும்பும்படி நேரத்தை வையுங்கள். யாராவது சங்கடப்படும்படி நடந்தால் அம்மாவிடம் சொல்லலாம் என்று மகன்களிடமும் சொல்லி வைக்க வேண்டும். போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

30 பேர் டியூஷனை நிறுத்திவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பையனுக்கு விளையாட நேரமே இருக்காது. 'மக்குன்னு தெரிஞ்சிடும்' என்ற அவன் அழுகைக்கும் இதில் பதில் இருக்கிறது. 'அக்கா வீட்டுக்கு வருவாங்க, கொரோனாவில விட்டுப்போன பாடத்தை முடிச்சிடலாம்' என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட.

தனி டியூஷன் அவனைப் பிறரையே சார்ந்து நிற்க வைத்துவிடுமா?

நியாயமான பயம். வீட்டுப்பாடத்தையெல்லாம் டியூஷன் அக்கா முடித்துக் கொடுத்தால் கண்டிப்பாக அப்படி ஆகும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கற்பித்தலிலும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், 1976இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையிலிருந்து. சுவர் இறுக இறுகச் சாரத்தைப் பிரிக்க வேண்டும். முதல் மாதம் அக்கா பக்கத்தில் இருக்க அவன் போடட்டும். இரண்டாவது மாதம் ஐந்து கணக்கைக் கொடுத்துவிட்டு அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். மூன்றாவது மாதம் வாரம் இரண்டு நாளாகக் குறையுங்கள். எட்டு மாதம் கழித்தும் வாரம் மூன்று நாள் தேவைப்படுகிறது என்றால், சொல்லிக்கொடுக்கும் முறையில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் கணவர் சொன்னதற்கும் வருகிறேன். ஐ.டி.ஐ. நல்ல படிப்பு. ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்க அங்கே போக முடியாது, பெரும்பாலான தொழிற்பிரிவுகளில் பட்டறைக் கணக்கும் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் வீட்டிலேயே பின்னத்தில் கைதேர்ந்தவர் அவர்தான். பட்டறையில் டேப்பை வைத்து அளக்கும்போது இன்ச்சும் நூலுமாகத்தானே பேசுவார்? ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். அரை இன்ச் பட்டையும் கால் இன்ச் பட்டையும் சேர்ந்தால் நாலு நூலும் இரண்டு நூலும் ஆறு நூல், அதாவது முக்கால் இன்ச். பொது மடங்கு (மீ.சி.ம.) எடுத்துப் பின்னங்களின் கீழ் எண்ணைச் சமமாக்குவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, ஜன்னலையும் மேஜையையும் தம்பியை அளக்கச் சொல்லட்டும். பாடம் நடத்த வேண்டாம், அளந்தால் போதும். 'அவனுக்குக் கணக்கு வராது' என்று சொன்ன அப்பாவே டேப்பை நீட்டினால், அதை எந்த டியூஷனாலும் கொடுக்க முடியாது.

பாப்பா இப்போது நாலாவதில் வகுத்தல் படித்துக்கொண்டிருப்பாள். இரண்டு மாதம் போகட்டும், தம்பிக்கு மனம் இருந்தால் அவளுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கிற பிள்ளையும் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. இதுவரை ஒப்பிடப் பயன்பட்ட தங்கையிடம் அவன் அண்ணனாக உட்காரவும் அது வழி செய்யும். கட்டாயப்படுத்த மட்டும் வேண்டாம்.

டாக்டரிடம் போக வேண்டுமா?

போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதிவருகிறான் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாகக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, மூன்று மாதம் ஒழுங்காகத் தனிக் கவனம் கொடுத்த பிறகும் சின்ன எண்களைக் கூட்ட விரலை எண்ணுவது, எது பெரிய எண் என்பதில் தடுமாறுவது, நேற்றுப் புரிந்தது இன்று சுத்தமாக இல்லாமல் போவது எல்லாம் தொடர்ந்தால், கணக்கில் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலோ குழந்தைகள் பிரிவிலோ கேட்டால் வழி சொல்வார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. உறுதியானால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒன்றரை வருடம் பாடம் விட்டுப்போன பிள்ளைக்கும் மேலோட்டமாக இதே அறிகுறிகள் தெரியும். அவசரப்பட்டு முத்திரை குத்திவிட வேண்டாம்.

இன்று இரவு செய்ய ஒன்று இருக்கிறது. அந்தத் தாள்களைப் பற்றி ஒருமுறை பேசி முடித்துவிடுங்கள். "அடிச்சது என் தப்பு. இனி அடிக்க மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டது உன் தப்பு. இனி எத்தனை மார்க் வாங்கினாலும் நான் கத்தாம கையெழுத்துப் போடுவேன், நீ தாளைக் காட்டணும்" என்று சொல்லுங்கள். அடுத்த தாளில் 11 வந்தாலும் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். உடனே பேச மாட்டான், ஒரு வாரம்கூட ஆகலாம்.

அப்புறம், அந்த நாலு கணக்கு எழுதிய தாளில் தேதி போட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே மாதிரி வேறு நாலு கணக்கைக் கொடுத்து, இரண்டு தாளையும் தம்பி கையிலேயே கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.